மூன்றாவது பையில் ஒரு பொத்தான்

சோபாக்காரர் பட்டன் அக்காவுக்கு எண்ணூற்று நாற்பது ரூபாய் பாக்கி வைத்திருந்தார். அவர் வாழ்க்கையில் கடன் என்று ஒன்று இருந்தது என்றால் அது இதுதான். அதையும் நாலு மாதம் வரை கடன் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு ஃபோம் தாள்களைத் தலையில் சுமந்து கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்ட பையன், இன்று சொந்தப் பட்டறை வைத்து, ரெண்டு தையல் மெஷின் போட்டு, வாசலில் பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறார். யாரிடமும் கைமாற்று வாங்கியதில்லை, யாரும் வந்து வாசலில் நின்றதில்லை. எந்த சோபாவிலும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பது புது ஃபோமா பழசா, எந்தக் கால் ஆடுகிறது, யார் தைத்தது என்பது வரை சொல்லிவிடுவார். சொல்லவும் செய்வார். போன வீட்டில் எல்லாம் சொல்வார். கல்யாண வீட்டு மேடையில் மாப்பிள்ளை உட்காரும் நாற்காலியை அமுக்கிப் பார்த்து, "இது ஆறு மாசம் தாங்காது" என்று சொன்ன மனிதர் அவர்.

அவருக்கு ஒரே பெண். பிறக்கும்போதே தலையில் நீர் கோத்திருந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போதே அறுவை செய்து, தலையில் சேரும் நீர் வயிற்றுக்கு வடிவதற்குத் தோலுக்கு அடியில் ஒரு குழாய் வைத்தார்கள். பிழைக்குமா என்று கேட்டவர்கள் முன்னால் அந்தக் குழந்தை மற்ற பிள்ளைகளுக்கு முன்பே பேசியது. பேசியது என்றால் சும்மா இல்லை. நாலு வயதில் வீட்டுக்கு வந்தவர்களிடம், "உக்காருங்க, என்ன சாப்பிடுறீங்க, ஊர்ல எல்லாரும் சௌக்கியமா" என்று பெரிய மனுஷி மாதிரி விசாரிக்கும். தெருவே அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது. சோபாக்காரருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. "தலையில ஓட்டை போட்டாங்க, அது வழியா வாய்க்கு வழி விட்டுட்டாங்க" என்பார்.

பன்னிரண்டு வயதிலும் பேச்சு குறையவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும் வேறு மாதிரி செய்தி வந்துகொண்டிருந்தது. பாடத்தைக் கேட்டால் சொல்கிறாள், எழுதச் சொன்னால் ஆரம்பிப்பதில்லை. ஆரம்பித்தால் பாதியில் நிற்கிறாள். பையில் ஒரு புத்தகம் இருந்தால் ஒன்று இருப்பதில்லை. "விளையாட்டுப் புத்தி. நானும் அப்படித்தான் இருந்தேன், கெட்டா போயிட்டேன்?" என்று சோபாக்காரர் அதைக் காதில் வாங்காமல் விட்டார்.

கடன் வந்த கதை இதுதான்.

பட்டறைக்கு வேண்டிய ஜிப், நூல், பொத்தான் எல்லாம் தெருமுனையில் பட்டன் அக்கா கடையில்தான். அன்றைக்கு ஒரு பல் டாக்டரின் காத்திருக்கும் அறைக்கு எட்டு குஷன் அவசர வேலை. சோபாக்காரர் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே மகளைக் கூப்பிட்டு, பணம் இருந்த கவரைக் கையில் கொடுத்து, வேலையாட்களுக்குச் சொல்வது மாதிரி மூச்சு விடாமல் சொன்னார்.

"பட்டன் அத்தைகிட்ட முதல்ல இந்தக் காசைக் குடு, போன வார பாக்கியும் இன்னைக்கு சாமானும் சேர்த்து. அப்புறம் சாம்பல் கலர் நூல் ரெண்டு கண்டு, பெரிய ஜிப் ஒரு ரோல், அதுல ஓடுற ரன்னர் இருபது. எண்ணூத்தி நாப்பது சரியா இருக்கு. நேரா போ, நேரா வா. எங்க, சொல்லு பாப்போம்."

ரேடியோ ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். 'நேரா போ, நேரா வா' என்பதை அப்பா குரலிலேயே சொன்னாள். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சோபாக்காரரும் சிரித்தார். அவள் நூலும் ஜிப்பும் ரன்னருமாகத் திரும்பி வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

சாயந்திரம் அவர் கடைப் பக்கம் போனபோது பட்டன் அக்கா கூப்பிட்டாள். "ஏம்பா, எண்ணூத்தி நாப்பது வரலையே. ஞாபகம் இருக்கா?"

"காலைலயே குடுத்தாளேக்கா."

"யாரு? ரேடியோவா? காசுன்னு கேட்டேன். இதோன்னா. அதுக்கப்புறம் அவ டீச்சர் செருப்பு அறுந்த கதை வந்துச்சு. கூட்டமும் வந்துச்சு. திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம்."

சோபாக்காரர் மகளை அங்கேயே கூட்டிவந்து கேட்டார். அவள் தயங்கவில்லை. "குடுத்தேனே அப்பா. அத்தை கண்ணாடியை மூக்கு மேல ஏத்திவிட்டுட்டு, விரலை நாக்குல தொட்டுத் தொட்டு எண்ணினாங்க. அப்புறம் அந்த டப்பாவுல போட்டு மூடினாங்க."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பட்டன் அக்கா அப்படித்தான் எண்ணுவாள், அந்த டப்பாவில்தான் போடுவாள். சோபாக்காரருக்கு முகம் சிவந்தது. "ஒரு தடவை வாங்கின காசை ரெண்டாவது தடவை கேக்கறது நல்லா இல்லைக்கா. குழந்தை கை தானேன்னு பார்த்தீங்களா?"

"வாயை அளந்து பேசு. உன் காசுலயா நான் மாடி கட்டப் போறேன்? வழியில என்ன வாங்கித் தின்னான்னு உன் பொண்ணைக் கேளு."

கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ரெண்டு கடைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சோபாக்காரர் ஜிப் வாங்க ரெண்டு பஸ் மாறிப் பெரிய சந்தைக்குப் போனார். ரன்னருக்குப் போன பஸ் காசு ரன்னர் விலையைத் தாண்டியது. அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தெருவில் பேச்சு மட்டும் நின்றபாடில்லை. ரேடியோ கடைப் பக்கம் போனால் மிட்டாய்க்காரர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதை சோபாக்காரரின் மனைவி ஒருநாள் கண்ணால் பார்த்தாள். அதோடு மகளைத் தனியாக வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த மாதம் குழாயைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழாய் நன்றாக இருந்தது. டாக்டர் அவர்களைப் பக்கத்து அறையில் இருந்த, பிள்ளைகளுக்கு அன்றாட வேலைகளைப் பழக்கும் பயிற்சி மேடத்தைப் பார்க்கச் சொன்னார். சோபாக்காரர் போனதும் அங்கே கிடந்த நாற்காலியை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். பிறகு மகளுடைய பேச்சுத் திறமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். மேடம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ரேடியோவைக் கூப்பிட்டு, "இந்தக் கவரை எதிர் ரூம்ல இருக்கிற நர்ஸ்கிட்ட குடுத்துட்டு, அங்க இருக்கிற பச்சைப் பேனாவை வாங்கிட்டு, வரும்போது இந்தக் கதவைச் சாத்திட்டு வா. என்ன செய்யணும்னு சொல்லு" என்றாள்.

ரேடியோ சொன்னாள். பிசகில்லாமல் சொன்னாள். "பாத்தீங்களா" என்பது போல் சோபாக்காரர் மீசையைத் தடவினார்.

ரொம்ப நேரம் ஆகியும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் வாசலில் காவலாளியிடம் அவருடைய விசிலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். கவர் அக்குளில் இருந்தது. பேனா இல்லை. கதவு திறந்து கிடந்தது.

சோபாக்காரர் முதலில் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "என் பொண்ணுக்கு மூளை இல்லைன்னு சொல்ல வர்றீங்களா?"

"நிறையவே இருக்கு சார். உங்க பட்டறையில எத்தனை பேர்?"

"மூணு பேர். எல்லாம் நான் பழக்கினவங்க."

"மூணு பேரும் கெட்டிக்காரங்க. ஆனா எதை முதல்ல செய்யணும், எதை நிறுத்தணும், பாதில விட்டது எதுன்னு பார்த்துக்கிறது யாரு?"

"நான்தான். நான் ஒரு நாள் இல்லைன்னா கால் இல்லாத சோபாவை வண்டில ஏத்திடுவானுங்க."

"அதான் சார் விஷயம். இவளுக்கு உள்ள வேலையாள் எல்லாம் இருக்காங்க. பேச்சுக்காரர் எல்லாருக்கும் மேல. முதலாளி மட்டும் அடிக்கடி சீட்ல இருக்கிறதில்லை. தலையில நீர் கோத்த பிள்ளைங்க நிறைய பேருக்கு இப்படி இருக்கு. திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. சொல்லத் தெரியுது, அதனால செய்வான்னு நினைச்சுக்கிறோம். சொல்றது வேற ஆள், செய்ய வைக்கிறது வேற ஆள்."

மனைவி மெதுவாகக் கேட்டாள். "செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லுவாளா மேடம்?"

"சொல்லலாம். பொய்னு தெரிஞ்சு சொல்ல மாட்டா. முன்னாடி பல தடவை செஞ்ச ஞாபகம் இருக்கும். அதை எடுத்து இன்னைக்கு நடந்ததுல ஒட்டிக்குவா. அவளுக்கு அது நிஜம் மாதிரியே இருக்கும்."

சோபாக்காரர் எழுந்துகொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அவர் பேசாமல் வந்த பஸ் பயணம் அது ஒன்றுதான்.

அப்போதும் அவர் இறங்கி வரவில்லை. இறங்கி வர வைத்தது பல் டாக்டரின் குஷன். நாலாவது மாதம் ஒரு நாள் அங்கிருந்து ஆள் வந்து ஒரு குஷனைத் திருப்பிக் கொடுத்தான். "உக்காந்தா குத்துதாம். பல்வலிக்கு வந்தவங்க இடுப்புவலியோட போறாங்க." பட்டறையில் எந்நேரமும் ஸ்டேப்ளர் துப்பாக்கியும் கையுமாக இருப்பதால் ஸ்டேப்ளர் என்றே பெயர் பெற்ற வேலையாள் ஜிப்பைத் திறந்து ஃபோமை உருவினான். மூலையில் கவர் இருந்தது. நசுங்கி, கட்டையாகி, உள்ளே நூறு ரூபாய் நோட்டு எட்டும் பத்து ரூபாய் நாணயம் நாலும்.

"அண்ணே, ஊரே வந்து நம்ம காசு மேல உக்காந்துட்டுப் போயிருக்கு" என்றான் ஸ்டேப்ளர். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தான். வேகமாகப் பின்கட்டுக்குப் போய்விட்டான்.

ரேடியோ கவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "குடுத்தேனே" என்றாள். பிறகு மெதுவாக, "செருப்பு வார் மாட்ட ரெண்டு கையும் வேணும்னு வெச்சேன். வாசல்ல குஷன் உறை அடுக்கியிருந்துச்சு. வாயைத் திறந்துட்டு இருந்துச்சு" என்றாள். கவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப நான் பொய்யா சொன்னேன் அப்பா?" என்று கேட்டாள்.

சோபாக்காரர் நசுங்கிய கவரை முழங்காலில் வைத்து நீவினார். அவர் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பட்டறை, மெஷின், வாசல் பலகை எல்லாம் யாருக்கு? ஒரு நூல்கண்டு வாங்கப் போய்விட்டு வர முடியாவிட்டால், நாளைக்குத் தான் இல்லாத போது இவளை யார் எந்த உறைக்குள் வைத்து ஜிப் போடுவார்கள்?

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு பட்டன் அக்கா கடைக்குப் போனார். கவரை நீட்டினார். நடந்ததைச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார், அவருக்கு அது பழக்கமில்லை.

பட்டன் அக்கா கையை நீட்டவில்லை. "நீ குடுக்காத."

"அக்கா, நான் பேசினது தப்புதான்."

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப நீ குடுத்தா தெருவுல என்ன சொல்லுவாங்க? பொண்ணு தின்னதை அப்பன் கட்டினான்னு சொல்லுவாங்க. நானும் ஒரு வார்த்தை விட்டுட்டேன், அதுவும் தெருவுல சுத்திட்டுத்தான் இருக்கு. அவளே வரட்டும். கடையில ஆள் இருக்கிற நேரமாப் பார்த்து வரட்டும், எல்லாரும் பார்க்கக் குடுக்கட்டும். நீயும் வா. ஆனா வாயைத் திறக்கக்கூடாது."

"வழியில மறந்துட்டான்னா?"

"அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணிட்டுக் கூட்டிட்டு வா. நான் எங்கேயும் ஓடிப் போகல."

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மகளை உட்காரவைத்து, "சொல்லு, முதல்ல என்ன, அப்புறம் என்ன" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். அவள் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னாள். பட்டறைக்குள்ளேயே ஸ்டேப்ளரைக் கடைக்காரி மாதிரி உட்காரவைத்துப் பழகிப் பார்த்ததில் ஒவ்வொரு முறையும் கவரைக் கொடுக்காமல் அவள் கையிலேயே வைத்திருந்தாள்.

அவர் மனைவி பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நீங்க சாக்பீஸ் இல்லாம ஒரு சோபா தைச்சிருக்கீங்களா?"

"என்ன கேள்வி இது?"

"ஒவ்வொரு துண்டுலயும் எது மேல, எது கீழ, எது எதோட சேரணும்னு கோடு போட்டுத்தானே வெட்டுறீங்க? உங்களுக்குத் தெரியாமலா போடுறீங்க?"

"தெரியும். தைக்கும்போது பிசகிடக்கூடாதுன்னு போடுறேன்."

"உங்களுக்கு ஒரு சாக்பீஸ். அவ மட்டும் எல்லாத்தையும் தலையில வெச்சுக்கணும். ஏற்கனவே அங்க ஒரு குழாய் வேற இருக்கு."

பின்கட்டிலிருந்து ஸ்டேப்ளர் இருமுவது கேட்டது. சிரிப்பை அப்படித்தான் அவன் மறைப்பான்.

சோபாக்காரர் அன்றைக்கே ஒரு இடுப்புப் பட்டி தைக்க உட்கார்ந்தார். மீந்த சோபாத் துணிகளில் ஏழு பைகள், ஓரமெல்லாம் கயிறு வைத்துத் தைத்த பைப்பிங், மேலே தங்க நிற நூலில் தையல். ராஜா வீட்டுப் பெண்ணுக்குக்கூட அப்படி ஒன்று கிடைத்திருக்காது. ரேடியோ அதைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பையாகத் திறந்து, மூடி, தடவி, எது எந்த வீட்டு சோபாத் துணி என்று கதை சொல்லி, கடைக்குப் போவதையே மறந்துவிட்டாள்.

பயிற்சி மேடத்துக்கு மனைவி போன் போட்டாள். "அழகா இருக்கட்டும், ஆனா வேலைக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும். எது எதுக்குன்னு அவளையே முடிவு பண்ணச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. சோபாக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையாலேயே தங்க நூலைப் பிரித்தார். மூன்று பைகள் நின்றன. சிவப்பு, மஞ்சள், சாம்பல். வலமிருந்து இடமாக.

"சிவப்புல காசு" என்றாள் ரேடியோ. "மஞ்சள்ல வாங்க வேண்டியதோட துண்டு. நூல்னா நூல் துண்டு, ஜிப்னா ஜிப் துண்டு."

"சாம்பல்ல?"

அவள் யோசித்தாள். மேஜையில் கிடந்த ஒரு பெரிய கோட்டுப் பொத்தானை எடுத்துப் போட்டாள். "இது பேச்சு. ரெண்டு பையும் காலியானப்புறம் பொத்தானை எடுப்பேன். எடுத்துட்டா பேசலாம்."

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே வழுக்குகிறது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பழகினார்கள். முதல் நாள் பொத்தானைத்தான் முதலில் எடுத்தாள். ஒரு நாள் பட்டியைத் திருப்பிக் கட்டிக்கொண்டு இடமும் வலமும் மாறிப்போனது. சோபாக்காரர் பட்டியின் உள்பக்கம் தோல் துண்டு வைத்துத் தைத்தார், சொரசொரப்பு வயிற்றில் பட்டால் சரியாகக் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். சில நாள் சரியாக வந்தது, சில நாள் வரவில்லை. வராத நாளில் அவர் மெஷினை வேகமாக மிதிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஸ்டேப்ளர் சோர்ந்துபோய், "அண்ணே, இத்தனை தடவை காசு வாங்கினதுக்கு நான் உண்மையிலயே கடை வெச்சிருக்கலாம்" என்றான்.

கடைசியில் ஒரு நாள் காலை, கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினார்கள். ரேடியோ முன்னால் நடந்தாள். சோபாக்காரர் பின்னால் நடந்தார், வாயை இறுக மூடிக்கொண்டு. வழியில் ரெண்டு பேர் விசாரித்ததற்குத் தலையை மட்டும் ஆட்டினார். மிட்டாய்க்காரர் உடம்பு சரியில்லையோ என்று எட்டிப் பார்த்தார்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். மிட்டாய்க்காரரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். மேஜை மேல் புதிதாக வந்த மீன் வடிவப் பொத்தான்கள் ஒரு தட்டில் பளபளத்துக்கொண்டிருந்தன. ரேடியோவின் கண் அங்கே போனது. நின்றது. பட்டன் அக்கா தட்டை எடுத்துக் கீழே வைத்தாள்.

ரேடியோவின் கை சிவப்புப் பைக்குப் போய் ரூபாயை எடுத்தது. அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் லேஸ் வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் குனிந்து, "அய்யோ பாவம், தலையில என்ன கண்ணு இவ்வளவு பெரிய தழும்பு?" என்று கேட்டாள்.

உலகத்தில் ரேடியோவுக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது. குழாய்க் கதையை அவள் அரை மணி நேரம் சொல்வாள், வயிறு வரை தொட்டுக் காட்டுவாள். அவள் முகம் மலர்ந்தது. பணம் இருந்த கை கீழே இறங்கியது. வாய் திறந்தது.

சோபாக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். 'காசு' என்ற ஒரே ஒரு சொல் நாக்கு நுனியில் நின்றது. பட்டன் அக்கா அவரைப் பார்த்தாள். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லை விழுங்கினார்.

ரேடியோ அப்படியே நின்றாள். இடது கை தானாகச் சாம்பல் பையைத் தொட்டது. உள்ளே பொத்தான் இருந்தது. இன்னும் எடுக்கவில்லை.

"இருங்க ஆன்ட்டி" என்றாள். "அது கடைசிப் பை."

பட்டன் அக்கா மேஜைக்கு மேல் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். ரேடியோ நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள், வைக்கும்போது உதடு மட்டும் அசைந்தது. நூறு, இருநூறு. ஐந்நூறில் ஒரு கணம் நின்று, கையிலிருந்ததைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். எட்டாவது நோட்டும் வைத்தபின் நாணயங்கள். எண்ணூற்றுப் பத்து, இருபது, முப்பது. குஷனுக்குள் நாலு மாதம் கிடந்து மங்கிப்போன கடைசி நாணயத்தைப் பாவாடையில் ஒருமுறை துடைத்து, அக்காவின் உள்ளங்கை நடுவில் வைத்தாள்.